அலியின் மிகச் சிறந்த ஆட்டம்: என் ஓட்டு கின்ஷாசாவுக்கு

முகமது அலியின் மிகச் சிறந்த சண்டை எது என்ற பேச்சு வந்தால் பலரும் மணிலாவில் ஜோ ஃப்ரேசியருடன் நடந்ததைத்தான் சொல்கிறார்கள். மணிலா மாபெரும் சண்டை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு சண்டை பெரியதாக இருப்பது வேறு, அதில் ஒருவர் ஆடிய ஆட்டம் பெரியதாக இருப்பது வேறு. மணிலாவின் பாதிப் பெருமை ஜோ ஃப்ரேசியருக்குப் போய்ச் சேர வேண்டியது. அலியின் ஆட்டத்துக்கு மட்டும் மார்க் போடச் சொன்னால், 1974 அக்டோபர் 30 அன்று ஆப்பிரிக்காவில் உள்ள கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனுடன் நடந்ததைத்தான் நான் முதலில் வைப்பேன்.

எப்படிப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து நிமிடத் தொகுப்பு வீடியோக்களை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. அவற்றில் அலி அடிப்பது இருக்கும், வாங்குவது இருக்காது. முழுச் சண்டையையும் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பேன். வர்ணனையாளரின் குரல் உயர்ந்தால் நம் கணக்கும் கூடவே உயர்ந்துவிடும். ரவுண்டு முடிந்ததும் வீடியோவை நிறுத்தி, வென்றவருக்கு 10, மற்றவருக்கு 9 என்று எழுதிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவேன். இப்படிப் பார்க்கப் பழக்கியவர் இளவயதில் ராயபுரத்தில் பாக்சிங் ஆடிய ஒரு பெரியவர். என் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போதெல்லாம் ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்: "கையை விடு தம்பி, காலைப் பாரு. அடி கால்ல இருந்துதான் கிளம்பும்."

கால்களை மட்டும் வைத்துப் பார்த்தால், 1966 நவம்பரில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் கிளீவ்லேண்ட் வில்லியம்ஸுடன் ஆடியதுதான் அலியின் உச்சம். ஒரு கணம்கூட ஒரே இடத்தில் நிற்கவில்லை. பின்னால் போய்க்கொண்டே அடிக்கிறார், அந்த அடிகளிலும் முழு பலம் இருக்கிறது. மூன்றாவது ரவுண்டில் சண்டை முடிந்துவிட்டது. பெரியவருக்கு இதுதான் முதலிடம். எனக்கு மனம் ஒப்பவில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்புதான் வில்லியம்ஸை ஒரு போலீஸ்காரர் சுட்டிருந்தார். ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள், குண்டு உடம்புக்குள்ளேயே இருந்தது. அந்த நிலையில் இருந்தவருக்கு எதிரான ஆட்டம் எத்தனை அழகாக இருந்தாலும், எதிராளியின் பலத்துக்கான மார்க் குறையத்தான் வேண்டும்.

1964-ல் மயாமி பீச்சில் சானி லிஸ்டனை வென்றது அப்படியல்ல. ஃபிளாய்டு பேட்டர்சனை இரண்டு முறையும் முதல் ரவுண்டிலேயே சாய்த்திருந்தவர் லிஸ்டன். அவர் முன்னால் 22 வயதுப் பையன் நிற்கிறான். ஐந்தாவது ரவுண்டுக்கு முன் கண்ணில் ஏதோ பட்டு எரிகிறது, பார்வை தெரியவில்லை. கிளவுஸைக் கழற்றச் சொன்ன அலியை அவருடைய பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீ மறுபடி ரிங்குக்குள் தள்ளிவிடுகிறார். பாதிப் பார்வையோடு, கையை நீட்டி லிஸ்டனைத் தள்ளி நிறுத்தியபடியே அந்த ரவுண்டைக் கடத்துகிறார். ஏழாவதுக்கு லிஸ்டன் எழுந்து வரவே இல்லை. என் வரிசையில் இது இரண்டாவது.

சரி, மணிலா. 1975 அக்டோபர் 1. ஆரம்ப ரவுண்டுகள் அலிக்கு. நடு ரவுண்டுகளில் ஃப்ரேசியர் உள்ளே புகுந்து விலாவில் அடித்துக்கொண்டே இருக்கிறார். 12-லிருந்து அலி மறுபடி எழுகிறார், 13-ல் ஃப்ரேசியரின் வாயில் இருந்த மவுத் கார்டே பறந்து போகிறது. 14-வது முடிந்ததும் ஃப்ரேசியரின் பயிற்சியாளர் எடி ஃபட்ச் தன் ஆளை எழ விடாமல் சண்டையை நிறுத்தினார். அந்த முடிவுக்காக ஃபட்ச் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் நடு ரவுண்டுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அலியின் திட்டம் எதுவும் அங்கே நடக்கவில்லை. அவரை அங்கே காப்பாற்றியது நெஞ்சுரம். அதற்குத் தலை வணங்குகிறேன், ஆனால் அவருடைய மிகச் சிறந்த ஆட்டம் என்று என்னால் எழுத முடியவில்லை.

கின்ஷாசாவில் திட்டமும் இருந்தது, நெஞ்சுரமும் இருந்தது. ஃபோர்மனுக்கு 25 வயது. 40 சண்டை, 40 வெற்றி, அதில் 37 நாக் அவுட். அலியை ஏற்கெனவே தோற்கடித்திருந்த ஃப்ரேசியர், கென் நார்ட்டன் இருவரையுமே இரண்டிரண்டு ரவுண்டில் முடித்தவர். அலிக்கு 32 வயது. 1966-ன் கால்கள் அப்போது இல்லை. ராணுவத்தில் சேர மறுத்ததால் வந்த மூன்றரை வருடத் தடை அவற்றைத் தின்றுவிட்டது.

முதல் ரவுண்டிலேயே ஆச்சரியம் ஆரம்பிக்கிறது. எல்லோரும் அலி சுற்றிச் சுற்றி ஓடுவார் என்று எதிர்பார்க்க, அவர் நேராகப் போய் வலது கையால் முதல் அடி கொடுக்கிறார். இடது கையால் ஜாப் என்னும் நேர் குத்து போடாமல் வலதை முதலில் விடுவது ஆபத்தான வேலை. அது பின்னாலிருந்து வர வேண்டும், தூரம் அதிகம், எதிராளி பார்த்துவிடுவான். ஃபோர்மன் அதை எதிர்பார்க்கவே இல்லை, அதனால் திரும்பத் திரும்ப முகத்தில் விழுந்தது. ஆனால் அந்த அடிகளும் அவரைச் சாய்க்கவில்லை. இரண்டாவது ரவுண்டிலிருந்து அலி கயிற்றில் சாய்ந்துவிட்டார்.

இங்கேதான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். கயிற்றில் சாய்ந்து அடி வாங்கினார், ஃபோர்மன் களைத்ததும் ஒரே அடியில் முடித்தார் என்று கதை சொல்கிறார்கள். ஐந்தாவது ரவுண்டை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஃபோர்மனின் பெரிய அடிகளில் பாதிக்கு மேல் முழங்கையிலும் கிளவுஸிலும் விழுகின்றன. தலைக்கு வரும் அடிகளுக்கு அலி இடுப்பிலிருந்து பின்னால் வளைகிறார், தளர்ந்த கயிறு அதற்கு இடம் கொடுக்கிறது. கிட்டே வந்தால் ஃபோர்மனின் பின்கழுத்தில் கை போட்டுத் தலையைக் கீழே அழுத்துகிறார். அந்த வெக்கையில், குனிந்து நிமிர்ந்தே ஃபோர்மனுக்கு மூச்சு வாங்குகிறது. ரவுண்டு முடியப் போகும் நேரத்தில் அலி திடீரென்று கயிற்றை விட்டு வந்து முகத்தில் சரமாரியாகக் கொடுக்கிறார். நடுவர்கள் கண்ணில் கடைசியாக நிற்பது அதுதான்.

இன்னொன்று. எட்டாவது ரவுண்டு தொடங்கும்போது மூன்று நடுவர்களின் அட்டையிலும் அலியே முன்னிலை. நாக் அவுட் வராமல் இருந்திருந்தாலும் அவர் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தார். டண்டீயே கயிற்றை விட்டு வா என்று கத்திக்கொண்டிருந்தார். அந்தத் திட்டம் அலியின் மண்டைக்குள் மட்டும்தான் இருந்தது.

அப்புறம் அந்தக் கடைசி நொடிகள். வலது, இடது, வலது என்று தொடர்ந்து வந்து, பக்கவாட்டில் வளைந்து வரும் ஒரு இடது ஹூக் ஃபோர்மனின் முகத்தைத் தூக்கி நிறுத்துகிறது, நேர் வலது முடித்து வைக்கிறது. ஃபோர்மன் சுழன்று விழும்போது அலியின் வலது கை மறுபடி தயாராகிறது, ஆனால் அடிக்கவில்லை. விழுகிறவரைச் சுற்றி அவரும் கூடவே திரும்புகிறார், கண் அவர் மேலேயே இருக்கிறது. இன்னொரு அடி தேவையில்லை என்று அந்த அரை நொடியில் முடிவு செய்ய எவ்வளவு தெளிவு வேண்டும்! இதைப் பார்த்தபோதுதான் பெரியவரும் எழுந்து நின்று, "இது ஒண்ணு போதும்ப்பா" என்றார். மறுநாளே மறுபடி வில்லியம்ஸ் பக்கம் போய்விட்டார் என்பது வேறு விஷயம்.

யாரும் அதிகம் பேசாத ஒன்று, 1977-ல் எர்னி ஷேவர்ஸுடன் ஆடிய 15-வது ரவுண்டு. அலிக்கு 35 வயது. புள்ளியில் முன்னால் இருந்தார், ஓடியே நேரத்தைக் கடத்தியிருக்கலாம். நின்று அடித்து ஷேவர்ஸைக் கிட்டத்தட்ட விழ வைத்தார். முழு ஆட்டமாகப் பார்த்தால் பட்டியலில் மேலே வராது, தனி ரவுண்டாகப் பார்த்தால் வரும்.

பெரியவர் அலியை நேரிலும் பார்த்திருக்கிறார். 1980-ல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினாரே, எம்.ஜி.ஆர்.கூட வந்திருந்தாரே, அன்று. அடியில் பலம் இல்லை, உடம்பு கனத்துவிட்டது, ஆனால் தலையைப் பின்னால் இழுக்கும் அந்த அளவு மட்டும் மாறவே இல்லை என்பார். அன்று அங்கே இருந்தவர்கள் வேறு யாராவது இதைப் படித்தால், நீங்கள் பார்த்ததை எழுதுங்கள். அலி அன்று கால்களை எப்படி வைத்தார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆசை.