புதுப்பிப்பு: 10 அடி தள்ளிப் போகும் சிங்க், கழிவுக் குழாயின் வாட்டம்

முன்பு எழுதியதில், சமையலறை சிங்கை ஜன்னல் ஓரம் 10 அடி தள்ளி வைத்து, கழிவு நீரைப் பழைய சுவர்த் துளை வழியாகவே வெளியே உள்ள கல்லி டிராப்பில் (கழிவு நீர் விழும் சிறு தொட்டியில்) விடலாமா என்ற கேள்வி பாக்கி இருந்தது. விடலாம். கணக்கு இதுதான்.

50 மி.மீ. குழாய்க்கு 40-க்கு 1 வாட்டம் என்றால் 10 அடிக்கு 3 அங்குலம். பழைய துளை தரையிலிருந்து 6 அங்குலம். ஆகவே சிங்க் பக்கம் குழாய் 9 அங்குலத்தில் தொடங்கும். சிங்கின் அடியில் தண்ணீர் இறங்கும் வேஸ்ட் கப்ளிங் ஏறக்குறைய 24 அங்குல உயரத்தில் இருப்பதால், அதன் கீழே வரும் டிராப்புக்கு (நாற்றம் ஏறாமல் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவுக்கு) தாராளமாக இடம் உண்டு.

குழாயைச் சுவரில் புதைக்கும் யோசனையைக் கைவிட்டாயிற்று. நாலரை அங்குலச் சுவரில் இரண்டரை அங்குலம் வெட்டினால் இரண்டு அங்குலம்தான் மிஞ்சும். கேபினெட்டுக்குள், சுவரை ஒட்டி, 2 அடிக்கு ஒரு கிளாம்ப். முதலில் நூல் பிடித்து வாட்டத்தைக் குறித்துவிட்டுத்தான் கிளாம்ப் அடிக்க வேண்டும். நடுவில் ஒரு கிளாம்ப் இறங்கினாலும் அந்தத் தொய்வில் எண்ணெய்ப் பிசுக்கு உறைந்து, சோற்றுப் பருக்கை ஒட்டி அடைக்கும்.

மூலையில் 90 டிகிரி எல்போ வேண்டாம். 45 டிகிரி இரண்டு. அங்கேயே அடைப்பு எடுக்கத் திருகு மூடி வைத்த கிளீன் அவுட் ஒன்று, கை போகிற இடத்தில்.

குழாய் ஒட்டும் சல்யூஷன் ஒரு நாள் காய்ந்தபின் சிங்கை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். கடைசியில் ‘களக் களக்’ என்று பலமாக உறிஞ்சினால் டிராப்பில் நிற்க வேண்டிய தண்ணீரும் இழுபட்டுப் போயிருக்கலாம்; அப்படியானால் வென்ட் (காற்று போகும் குழாய்) தேவை.