‘ரன்’ பட்ட பாடு

குழு: கீழத்தெரு வீடு
ஞாயிற்றுக்கிழமை

காலை 7:52

ஆச்சி: நான் சொல்லச் சொல்ல வள்ளி எழுதுகிறாள். தொழுவத்துக் கூரையில் ஓடு உடைந்து ஒழுகுகிறது. இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாராவது ஆள் பார்த்து அனுப்புங்கள்.

முருகன்: (ரோஜாப்பூப் படம்) இனிய காலை வணக்கம்.

செண்பகம்: நேற்று அனுப்பிய அதே ரோஜா.

காலை 8:05

மீனா: ஐ ரேன் இன்டு மேரி அட் த பார்க்கிங் லாட் டுடே! சோ ஹேப்பி!

சுப்பையா: மீனா, என்ன ஆயிற்று? யார் அந்த மேரி?

சுப்பையா: போனை எடு அம்மா.

சுப்பையா: எல்லோரும் பதறாமல் கேளுங்கள். வண்டியை யார்மீதோ மோதிவிட்டாள் போலிருக்கிறது.

செண்பகம்: ஐயோ! அந்தப் பெண்ணுக்கு அடி பலமா?

முருகன்: கார் நிறுத்துகிற இடத்தில் வேகம் இருந்திருக்காது. பத்து கிலோமீட்டருக்கு மேல் போக வழியில்லை.

கார்த்தி: அப்பா, கடைசியில் ரொம்ப மகிழ்ச்சி என்று எழுதியிருக்கிறாளே?

சுப்பையா: அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. தலையில் அடிபட்டவர்கள் இப்படித்தான் சம்பந்தமில்லாமல் பேசுவார்கள்.

செண்பகம்: எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கோமதி எங்கே?

காலை 8:31

கோமதி: கோயிலில் இருந்தேன். வெளியே வந்து போனைப் பார்த்தால் இவ்வளவு கலவரம். அத்தான், அவள் யார்மீதும் மோதவில்லை. ‘ரன் இன்டு’ என்றால் எதிர்பாராமல் சந்தித்தாள் என்று பொருள். மேரி அவளோடு கல்லூரியில் படித்தவள். எட்டு வருடம் கழித்துப் பார்த்திருக்கிறாள், மகிழ்ச்சி இருக்காதா?

சுப்பையா: மோதினாள் என்ற பொருளும் உண்டா இல்லையா? அதைச் சொல்.

கோமதி: உண்டு. காரைக் கொண்டுபோய்ச் சுவரில் இடித்தாலும் அதே ‘ரன் இன்டு’தான்.

சுப்பையா: அப்படியானால் தவறு என் மேல் இல்லை. அந்த மொழியின் மேல்.

மீனா: குளித்துவிட்டு வருவதற்குள் பதினோரு அழைப்புகள்! பெரியப்பா, அந்த ‘மேல்’ வேறு. ஒருவர் மேல் ஏற்றினால் ‘ரன் ஓவர்’. நான் ஏற்றவில்லை, இடிக்கவில்லை, கட்டித்தான் பிடித்தேன்.

முருகன்: ‘ரன்’ என்றால் ஓடுவது. நீ ஓடவும் இல்லை, மேரி ஓடவும் இல்லை. பிறகு எதற்கு அந்தச் சொல்?

கோமதி: அண்ணன், அந்தச் சொல்லுக்கு என்னதான் வேலை இல்லை? 2011இல் ஒரு செய்தி வந்தது, வகுப்பில் வருடம்தோறும் சொல்வேன். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் அதுவரை ‘செட்’தான் பெரிய சொல் என்று பெயர் வாங்கியிருந்தது. 1989இல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் அதற்குத்தான் மிக நீளமான பதிவு. புதிய பதிப்புக்காகத் திருத்தியபோது ‘ரன்’ அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் ஒருவர் ஒன்பது மாதம் அந்த ஒரு சொல்லோடு உட்கார்ந்திருக்கிறார்.

முருகன்: ஒன்பது மாதமா? பிரசவம்தான்.

செண்பகம்: உங்களுக்கு எல்லாவற்றிலும் கேலி.

வள்ளி: சின்ன ஆச்சி, 645 எப்படி வரும்? எனக்கு ஐந்துகூட வரவில்லை.

கோமதி: அவரவர் வேலையை நினைத்துப் பார்க்கச் சொல், வந்துவிடும். முருகன் அண்ணனிடமே கேள். முப்பது வருடம் ரயில் ஓட்டியவர்.

முருகன்: எங்களுக்கு வண்டி ஓடுவது மட்டுமா? நாங்களே ‘ரன்னிங் ஸ்டாஃப்’. ஓடிய கிலோமீட்டருக்கு வாங்குகிற படி ‘ரன்னிங் அலவன்ஸ்’. இதில் பெரிய வேடிக்கை ‘ரன்னிங் ரூம்’. வண்டியை வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டு நாங்கள் படுத்துத் தூங்குகிற இடத்துக்கு அந்தப் பெயர். ஒரு பயல் ஓட மாட்டான். பகல் பன்னிரண்டு மணிக்கு ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு இருட்டாக்கி வைத்திருப்பார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும்.

மீனா: மாமா, ஓடுபவர்கள் தூங்குகிற அறை ஓடும் அறையா! இது அந்த 645இல் சேர்ந்திருக்குமா?

முருகன்: கில்லிவர் வந்திருந்தால் ஒரு கட்டில் கொடுத்திருப்போம்.

செண்பகம்: எங்கள் தையல் கடைக்கு வந்தால் என்ன சொல்வாரோ? சேலையோடு சேர்ந்தாற்போல் நெய்து வருகிற ரவிக்கைத் துணிக்கு ‘ரன்னிங் பிளவுஸ்’ என்று பெயர். சேலை முடிகிற இடத்தில் தொடர்ந்து வருவதால் ரன்னிங். கையால் ஒரே வரிசையாக ஓட்டுகிற தையல் ‘ரன்னிங் தையல்’. போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம், ரன்னிங் பிளவுஸை வெட்டி ஓரத்துக்கு ரன்னிங் தையல் போடு என்றேன். அவள் அப்படியே திகைத்து நின்றாள், எதை முதலில் ஓடவிடுவது என்று தெரியாமல்.

மீனா: அத்தை, துணி தொட்டியில் ஓடுவதும் உண்டே. இங்கே அமெரிக்காவில் சட்டையின் உட்புறச் சீட்டிலேயே எச்சரித்திருப்பார்கள், இந்த நிறம் ‘ரன்’ ஆகும், தனியாகத் துவையுங்கள் என்று.

செண்பகம்: அதைச் சாயம் போகும் என்று சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே? நான் ஒருமுறை சிவப்புச் சுங்குடியைத் தண்ணீரில் அலசிப் பார்க்காமல் சந்தன நிற ரவிக்கைக்குக் கரை வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டேன். முதல் துவைப்பிலேயே அக்குள்வரை ரோஸ் நிறம். தவறு என்னுடையது, வேறு துணி எடுத்துத் தைத்துக் கொடுத்தேன். அது நன்றாகவே ஓடிற்று, என் பணத்தோடு.

சுப்பையா: பணம் ஓடுவது பற்றி என்னிடம் கேளுங்கள். வியாபாரிகள் போட்டு எடுத்துக்கொண்டே இருக்கிற கணக்கு ‘ரன்னிங் அக்கவுண்ட்’. அது நல்ல ஓட்டம். வெறும் ‘ரன்’ என்று யாராவது சொன்னால் வங்கிக்காரனுக்கு வயிறு கலங்கும்.

வள்ளி: ஏன் தாத்தா?

சுப்பையா: போட்ட பணத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்பிக் கேட்டு வந்தால் அதற்கு ‘ரன்’ என்று பெயர். எந்த வங்கியும் முழுப் பணத்தையும் பெட்டியில் பூட்டி வைத்திருக்காது, கடனாகக் கொடுத்திருக்கும். நான் ஒரு சிறிய ஊரில் காசாளராக இருந்தபோது யாரோ கிளப்பிய வதந்தியால் ஒரு திங்கட்கிழமை வரிசை தெருமுனை வரை நின்றது. மேலாளர் என்ன செய்தார் தெரியுமா? பெட்டகத்திலிருந்து நோட்டுக் கட்டுகளை எடுத்துவரச் செய்து, எல்லோர் கண்ணிலும் படும்படி என் மேசையில் சுவர்போல் அடுக்கினார். கேட்டவருக்கு எண்ணிக் கொடு, அவசரப்படாதே, நிதானமாக எண்ணு என்றார். எச்சில் தொட்டு எண்ணி நாக்கு வறண்டுவிட்டது. மதியத்துக்குள் பாதிப் பேர் வெயிலுக்குப் பயந்து திரும்பிவிட்டார்கள். மாலையில் ஒருவர் காலையில் எடுத்த பணத்தையே திரும்பக் கட்ட வந்தார்.

கார்த்தி: இதை நீங்கள் ஒருநாளும் எங்களிடம் சொன்னதில்லையே அப்பா.

சுப்பையா: நீ எப்போது கேட்டாய்?

மீனா: 2023இல் இங்கே சிலிக்கான் வேலி பேங்கில் நடந்தது அதுதான் பெரியப்பா. மார்ச் 9, ஒரே நாளில் 4,200 கோடி டாலரைத் திருப்பி எடுக்கப் பார்த்தார்கள். மறுநாள் அரசாங்கம் மூடிவிட்டது.

சுப்பையா: படித்தேன். பெரும்பாலானவர்கள் வாசல்வரைகூட வரவில்லை, போனிலேயே முடித்துவிட்டார்கள். நோட்டுக் கட்டை அடுக்கிக் காட்டுவதற்கு அங்கே எதிரில் ஆளே இல்லையே.

காலை 9:10

முருகன்: கிரிக்கெட்டை விட்டுவிட்டீர்கள். ஓடி எடுத்தால் ரன். சரி. சிக்சர் அடித்தால் மட்டையில் சாய்ந்துகொண்டு நிற்கிறான், அதற்கும் ஆறு ரன். ஓடாமல் வந்த ஓட்டம்.

மீனா: இங்கே பேஸ்பாலில் அந்தச் சலுகை கிடையாது மாமா. பந்து மைதானத்தைத் தாண்டிப் போனாலும் அடித்தவர் நான்கு மூலையையும் தொட்டு வந்தால்தான் ‘ஹோம் ரன்’. மூலைக்கு மூலை 90 அடி, மொத்தம் 360 அடி. ஒரு மூலையை மிதிக்காமல் வந்துவிட்டால் ஆட்டமிழக்கவும் கூடும்.

முருகன்: நியாயமான ஆட்டம்.

மீனா: தேர்தலிலும் இவர்கள் ஓடுகிறார்கள். எங்கள் தெருவில் ஒருவர் பள்ளி நிர்வாகக் குழுவுக்கு ‘ரன்’ செய்கிறார். வீட்டு வாசலில் பலகை நட்டு வைத்திருக்கிறார்.

கோமதி: இங்கிலாந்தில் அதே ஆள் ‘நிற்பார்’. அங்கே ‘ஸ்டாண்ட்’. நம் ஊரிலும் நிற்கிறார் என்றுதான் சொல்கிறோம், தேர்தலில் யார் நிற்கிறார்கள் என்று.

சுப்பையா: ஜெயித்த பிறகு இங்கேயும் ஓடிவிடுகிறார்கள். ஐந்து வருடம் கண்ணில் படுவதில்லை.

கார்த்தி: குழுவில் அரசியல் வேண்டாம் என்று நீங்கள்தான் விதி போட்டீர்கள் அப்பா.

செண்பகம்: கார்த்தி, உன் அச்சகத்தில் இல்லையா இந்த ரன்?

கார்த்தி: விடிந்தால் அதுதான் அத்தை. ஒரு தடவை பிளேட் மாட்டி எத்தனை பிரதி ஓட்டுகிறோமோ அது ஒரு ரன். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியிடவேண்டும், அதற்கு இப்போதே சிவகாசி முழுக்க மிஷின் ரன்னிங். பாதியில் மை அடர்த்தி மாறினால் முருகனுக்கு முகம் ஒரு கட்டில் மஞ்சளாகவும் அடுத்த கட்டில் சிவப்பாகவும் இருக்கும்.

முருகன்: எனக்கா?

கார்த்தி: திருச்செந்தூர் முருகனுக்கு மாமா.

கோமதி: பார்த்தீர்களா, எத்தனை இயந்திரம் வந்துவிட்டது! ரயில், அச்சு மிஷின், மோட்டார், இப்போது கணினியில் புரோகிராம். மனிதன் காலால் ஓடியது ஒரே ஒரு பொருள். இயந்திரங்கள் வந்து சேரச் சேர ஆங்கிலேயன் புதுச்சொல் தேடாமல் எல்லாவற்றையும் அந்த ஒரு வண்டியில் ஏற்றிவிட்டான்.

வள்ளி: ஆச்சி கேட்கிறார்கள், கால் இல்லாததெல்லாம் ஓடுமா என்று.

கோமதி: அங்கே மூக்கும் ஓடும் அத்தை, குழாயும் ஓடும். சர்க்கரை தீர்ந்துபோனாலும் ‘ரன் அவுட்’. காய்ச்சல் வந்தால்கூட அதை ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஆச்சி: (வள்ளி எழுதுகிறாள்) நமக்கு மூக்கு ஒழுகும். குழாயில் தண்ணீர் வரும். சர்க்கரை தீரும். காய்ச்சல் அடிக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் இருக்கும்போது எல்லாவற்றையும் எதற்கு ஓடவிட வேண்டும்?

மீனா: ஆச்சி, கடையையும் அவர்கள் ஓட்டுகிறார்கள்.

ஆச்சி: உன் தாத்தா நாற்பது வருடம் கடை நடத்தினார். ஓட்டவில்லை. நடத்தினார். கடை நடந்தது.

சுப்பையா: அம்மா, அருமையாகச் சொன்னாய்! நடக்க வைப்பதுதான் நடத்துவது. கல்யாணம் நடக்கிறது, வகுப்பு நடக்கிறது, வழக்கு நடக்கிறது. அவன் ஓடுகிற இடத்தில் நாம் நடக்கிறோம்.

கார்த்தி: வழக்கு நடக்கிற வேகத்துக்கு அந்தச் சொல்தான் பொருத்தம்.

செண்பகம்: அப்படி ஒரேயடியாகச் சொல்லாதே அண்ணா. நம்மிடமும் எவ்வளவோ ஓடுகிறது. படம் நூறு நாள் ஓடுகிறது. கடிகாரம் ஓடுகிறது. சுவரில் விரிசல் ஓடியிருக்கிறது. ஏதோ வண்டி ஓடுகிறது என்று குடும்பத்தையே சொல்கிறோம்.

வள்ளி: நீங்கள் காலையில் கை ஓடவில்லை என்று எழுதினீர்களே. கை எப்படி ஓடும்?

செண்பகம்: பதறினால் தெரியும். காலையில் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அதுதான் கை ஓடாதது.

மீனா: சண்டையே வேண்டாம், ஓர் இடத்தில் இரண்டு மொழியும் ஒன்றுதான். இங்கே கிழக்குப் பக்கத்தில் சிற்றோடைக்கு ‘ரன்’ என்றே பெயர் வைப்பார்கள். வர்ஜீனியாவில் ‘புல் ரன்’ என்று ஒன்று இருக்கிறது. 1861இல் உள்நாட்டுப் போரின் முதல் பெரிய சண்டை அதன் கரையில்தான் நடந்தது. படத்தில் பார்த்துவிட்டு, இது நம் ஊர் ஓடை மாதிரி அல்லவா இருக்கிறது என்று நினைத்தேன்.

முருகன்: ஓடுவதால் ஓடை. அவனும் அப்படித்தானே நினைத்திருப்பான்.

கோமதி: நம் ஓடு இன்னும் பெரிய கூட்டம் அண்ணன். வினையாக இருந்தால் ஓட்டம். பெயராக நின்றால் முட்டை ஓடு, ஆமை ஓடு, மண்டை ஓடு, பிச்சைக்காரர் கையில் திருவோடு. எட்டாம் வகுப்பில் ‘ஓடு’ என்று பலகையில் எழுதி வாக்கியம் கேட்டேன். ஒருவன் எழுதினான்: ‘ஓடு விழுகிறது, ஓடு!’

மீனா: அவனுக்கு முழு மதிப்பெண் கொடுத்தீர்களா அம்மா?

கோமதி: அரை மதிப்பெண் கூடுதலாகவே.

வள்ளி: ஆச்சி சிரிக்கவில்லை.

ஆச்சி: இப்போதாவது ஓட்டுக்கு வந்து சேர்ந்தீர்களே. 7:52க்கு நான் எழுதச் சொன்னதை மேலே போய்ப் படியுங்கள். கறவை மாடு நனைந்துகொண்டு நிற்கிறது.

கார்த்தி: தவறுதான் ஆச்சி. திருநெல்வேலியில் எனக்குத் தெரிந்த கொத்தனார் ஒருவர் இருக்கிறார், நாளைக்கே பேசுகிறேன். நாட்டு ஓடா, சீமை ஓடா?

ஆச்சி: சீமை ஓடு. உன் தாத்தா வேய்ந்தது.

கார்த்தி: எத்தனை உடைந்திருக்கிறது?

ஆச்சி: கீழே நின்று பார்த்தால் ஒன்பது தெரிகிறது. மழைத் தண்ணீர் பதினோரு இடத்தில் விழுகிறது.

முருகன்: நான் பதினொரு மணிக்கு வந்து ஏறிப் பார்க்கிறேன். ஏணி இருக்கிறதா?

செண்பகம்: நீங்கள் ஏற வேண்டாம். போன தடவை மாடி டாங்கில் ஏறியது நினைவிருக்கிறதா?

முருகன்: ஓரமாக நின்று எண்ணுவேன், அவ்வளவுதான்.

ஆச்சி: ஏணி பக்கத்து வீட்டில் இருக்கிறது, மாப்பிள்ளை. வரும்போது சர்க்கரை அரைக் கிலோ வாங்கி வாருங்கள். அது நிஜமாகவே தீர்ந்துவிட்டது.