2000 ரூபாய்க்குள் ஹெட்போன்: உங்கள் காதுக்கு என்ன கேட்டது?

செவ்வாய்ப்பேட்டை ரசிகன்:

ஹெட்போன் வாங்கக் கடைக்குப் போனால் எடுத்த எடுப்பில் “பேஸ் சும்மா அதிரும் சார்” என்றுதான் சொல்கிறார்கள். பாட்டு கேட்கிறவனுக்கு அந்தக் கனத்த அடி ஒலியின் அதிர்வு மட்டும் போதுமா? 2000 ரூபாய்க்குள், கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சரி, நீங்கள் மாட்டிக் கேட்ட ஹெட்போன், இயர்போன் பற்றி எழுதுங்கள். பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும், மழையில் நனையலாமா என்ற கதையெல்லாம் வேண்டாம். எந்த வாத்தியம் தெளிவாகக் கேட்டது, எது அமுங்கிப்போனது, அது போதும்.

முதலில் என் கதை. கழுத்தில் மாட்டும் ப்ளூடூத் நெக்பேண்ட் ஒன்றும், மூன்டிராப் சூ என்ற வயர் இயர்போனும் என்னிடம் உண்டு. இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகளில் பேஸ் கிட்டார் வெறும் தாளத்துக்குத் துணை போகிற ஆள் இல்லை. அது தனியாக ஒரு மெட்டு பாடிக்கொண்டு போகும். நெக்பேண்டில் கேட்டால் அந்த மெட்டு முழுக்க ஒரே ‘தும் தும்’. எந்த ஸ்வரத்தில் நிற்கிறது என்றே தெரியாது. சூவில் பேஸ் அளவு குறைவுதான். ஆனால் கிட்டார் ஏறுவதும் இறங்குவதும் கேட்கிறது. பேஸ் நிறைய இருப்பதும் நன்றாக இருப்பதும் ஒன்றில்லை என்பது என் கட்சி. எதிர்க்கட்சி இருந்தால் வரலாம்.

குகை பையன்:

வந்தாச்சு அண்ணா. சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் வளர்ந்த காது இது. நெஞ்சில் இடிக்காத பேஸ் எனக்குப் பேஸே இல்லை. குத்துப்பாட்டை உங்கள் மாதிரி இயர்போனில் போட்டுப் பார்த்தேன், பறை அடிப்பது பக்கத்து ஊரில் கேட்கிறது. 1200 ரூபாய்க்குக் காதை முழுக்க மூடுகிற ப்ளூடூத் ஹெட்போன் வாங்கினேன், எனக்கு அது போதும். பாடகர் கொஞ்சம் பின்னால் போய்விடுகிறார், அதை ஒப்புக்கொள்கிறேன். டான்ஸ் ஆடுகிறவனுக்குப் பாடகர் எதற்கு?

அழகாபுரம் மிருதங்கம்:

தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. திருவிழா ஸ்பீக்கரில் பேஸை உடம்பே வாங்கிக்கொள்கிறது, ஹெட்போனில் காது மட்டும்தான். அதனால் ஹெட்போனில் பேஸைக் கொஞ்சம் தூக்கி வைப்பது தப்பில்லை. எவ்வளவு தூக்குகிறார்கள், எந்த இடத்தில் தூக்குகிறார்கள் என்பதில்தான் சண்டை.

எனக்கு எந்த ஹெட்போன் கையில் கிடைத்தாலும் முதல் சோதனை, மிருதங்கம் தனியாக ஒலிக்கிற தனி ஆவர்த்தனம். வலந்தலை என்கிற வலது பக்கத் தோலில் கரணை என்ற கறுப்புப் பூச்சு இருப்பதால் மிருதங்கத்துக்கு ஸ்ருதி உண்டு. மற்ற தோல் கருவிகளில் மேல் ஒலிகள் தாறுமாறாக வரும், மிருதங்கத்தில் அவை கம்பி வாத்தியத்தில் வருகிற மாதிரி ஒழுங்கான அடுக்கில் வரும். இதை சி.வி.ராமன் 1920-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார், 1934-இல் விரிவான கட்டுரையும் வெளியிட்டார். ஆக, வலந்தலையில் ‘தீம்’ விழுந்தால் தம்புராவோடு அது சேர்கிறதா என்று கேட்க முடிய வேண்டும். தொப்பி என்கிற இடது பக்கத்தில் கையை அழுத்தித் தேய்த்துக் கும்கி கொடுக்கும்போது ஒலி வழுக்கிக்கொண்டு மேலே போகும். பேஸை ஊதிவிட்ட ஹெட்போன்களில் அந்த வழுக்கல் இருக்காது. ‘பொம்’ என்று ஒரு வீக்கம், அவ்வளவுதான். அந்த வீக்கம் மேலே ஏறி வலந்தலையையும் மூடிவிடும்.

இரண்டாவது சோதனை நாதஸ்வரம். மனிதக் காது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையில்தான் ரொம்பக் கூர்மை. நாதஸ்வரத்தின் பலமும் பெரும்பாலும் அங்கேதான். அந்த இடத்தில் தேவைக்கு மேல் ஏற்றி வைத்த இயர்போனில் ஒரு மல்லாரி முழுதாகக் கேட்க முடியாது, கழற்றி வைக்கத்தான் தோன்றும். அதற்காக அங்கே சுத்தமாக மேடே இருக்கக்கூடாது என்றும் இல்லை. நம் காதுக் குழாயே சுமார் 3000 ஹெர்ட்ஸில் ஒலியைப் பெருக்கிக் கொடுக்கிறது. இயர்போன் அந்த வழியை அடைத்துக்கொண்டு உள்ளே உட்கார்வதால், குறைந்ததை அதுதான் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஷான் ஆலிவ் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தில் ஆட்களை உட்கார வைத்துக் கேட்கச் செய்து, எந்த ஒலி எவ்வளவு இருக்க வேண்டும் என்று உருவாக்கிய ‘ஹார்மன் கோடு’ என்பதிலும் அந்த மேடு உண்டு. இப்போது வருகிற நல்ல மலிவு இயர்போன்கள் பலவும் அந்தக் கோட்டை ஒட்டித்தான் செய்யப்படுகின்றன. 2000 ரூபாய்ப் பொருள் இன்று இந்த அளவுக்குக் கேட்பதற்கு முக்கியக் காரணம் அது என்று நினைக்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டை ரசிகன்:

அருமை சார். ஒன்று சேர்க்கிறேன். இரண்டை மாற்றி மாற்றிக் கேட்கும்போது வால்யூம் சமமாக இருக்க வேண்டும். ஒன்று 1, 2 டெசிபல் சத்தமாக இருந்தாலே அது ‘தெளிவு’ என்று மனது தீர்ப்பு எழுதிவிடும். ஒரே போனில் ஒரே வால்யூமில் வைத்தாலும் ஒவ்வொரு ஹெட்போனும் ஒவ்வொரு அளவு சத்தம் தரும். கடையில் அவர்கள் தள்ள நினைக்கிற மாடல் எப்போதும் கொஞ்சம் சத்தமாகவே இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா?

அம்மாப்பேட்டை தறி:

எங்கள் பிரச்சினை வேறங்க. விசைத்தறிக் கூடத்தில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். அதற்குள் பாட்டு கேட்க வேண்டும் என்றால் எல்லாரும் வால்யூமைக் கடைசி வரை ஏற்றுகிறார்கள். எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு வீட்டில் டிவி சத்தம் போதவில்லை என்று புகார் வருவது சும்மா இல்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகிவிடும்.

சத்தத்தை அடக்கும் ஏ.என்.சி. போட்ட மாடல் ஒன்று வாங்கிப் பார்த்தேன். மோட்டாரின் ‘ஹ்ம்ம்’ போய்விடுகிறது. குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடா அடிக்கிற ‘டக் டக்’ அப்படியே வருகிறது. ஏ.என்.சி. ஒரே சீராக வரும் கனத்த ஒலியைத்தான் நன்றாக அடக்கும், திடீர் திடீரென்று வெடிக்கிறதைப் பிடிக்காது. எங்களுக்குப் பயன்பட்டது பஞ்சு மாதிரி இருக்கிற ஃபோம் டிப். விரலால் உருட்டிக் காதுக்குள் வைத்தால் விரிந்து அடைத்துக்கொள்ளும். அதைச் சாதாரண வயர் இயர்போனில் மாட்டினேன். வெளிச்சத்தம் குறைந்தது, வால்யூமையும் பாதிக்குக் கொண்டுவர முடிந்தது. அதுக்கப்புறம்தான் பாட்டில் வீணை இருப்பதே தெரிந்தது. தறி ஓடும்போது தரம் பார்க்கிறவர்கள் முதலில் காதை அடைக்கிற வழியைப் பாருங்கள்.

ஏற்காடு சில்வர் ஓக்:

எங்கள் பக்கம் நேர் எதிர். காபித் தோட்டத்துக்குள் வீடு. சாயங்காலம் ஆனால் பூச்சிச் சத்தம் தவிர எதுவுமில்லை. இங்கே காதை அடைக்க அவசியமே கிடையாது. அதனால் காதின் மேல் லேசாக உட்கார்கிற, பின்பக்கம் திறந்திருக்கிற கோஸ் போர்ட்டா ப்ரோ வைத்திருக்கிறேன். 1984-இல் வந்த மாடல், இன்னும் விற்பனையில் இருக்கிறது. இந்தியாவில் சில சமயம் 2000-ஐத் தாண்டிவிடும், தள்ளுபடிக்குக் காத்திருந்து வாங்கினேன். வெளிச்சத்தம் உள்ளே வரும், உள்ளே ஓடுவது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். அது குறை அல்ல, அதன் அமைப்பே அப்படி. ஒரு சாக்சபோன், ஒரு வயலின் என்று குறைவான வாத்தியங்களோடு இருக்கிற கச்சேரியை அதில் கேட்டால் ஒலி தலைக்குள் நெருக்கியடித்து நிற்காமல் கொஞ்சம் வெளியே நிற்கிறது. பேஸின் அடி ஆழம் வராது. குகை தம்பிக்கு இது ஆகாது.

இன்னொன்று. மலைக்கு வருகிறவர்கள் பலர் புது இயர்போனை பஸ்ஸிலேயே பிரித்து மாட்டிக்கொண்டு, ஒலி மந்தமாக இருக்கிறது என்று திட்டுகிறார்கள். சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1500 மீட்டர். 20 கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் வெளிக் காற்றழுத்தம் குறைந்து காது அடைத்துக்கொள்ளும். செவிப்பறை இழுபட்டு நின்றால் எந்த இயர்போனும் மந்தமாகத்தான் கேட்கும். எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள், ஏரிக்கரையில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு அப்புறம் கேளுங்கள்.

பழைய பஸ் ஸ்டாண்ட் சர்வீஸ்:

கடைக்கு வரும் ‘பேஸே இல்லை’ புகாரில் பாதிக்கு மேல் ரப்பர் டிப்தான் காரணம். பெட்டியில் மூன்று அளவு கொடுத்திருப்பார்கள், மாட்டியிருப்பதை விட்டு யாரும் மாற்றுவதில்லை. இடைவெளி இருந்தால் பேஸ் அப்படியே வெளியே போய்விடும். இடது காதுக்கு ஒரு அளவு, வலதுக்கு வேறு அளவு தேவைப்படுவதும் உண்டு. கண்ணாடி போடுகிறவர்கள் பெரிய ஹெட்போன் வாங்கினால் கண்ணாடிக் கால் வழியாக இதே கசிவு நடக்கும். மெத்தை மென்மையாக இருக்கிற மாடலாகப் பாருங்கள். சேலம் வெயிலுக்கு ரெக்சின் மெத்தை உரிந்து கழுத்தெல்லாம் கறுப்புத் தூளாகக் கொட்டும், மெத்தை தனியாகக் கிடைக்கிற மாடல் நல்லது.

அட்டையில் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாமல் அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. பத்து ரூபாய்ப் பொருளிலும் அதையே அச்சடிக்கலாம். உள்ளே ஒலி எழுப்புகிற டிரைவர் 40 மி.மீ., 50 மி.மீ. என்பதும் அப்படித்தான், அளவு தரத்தைச் சொல்லாது.

போனில் ஹெட்போன் ஓட்டை இல்லாதவர்கள் டைப்-சி கன்வெர்ட்டர் வாங்கும்போது டிஜிட்டல் சிக்னலை ஒலிக்கான சிக்னலாக மாற்றுகிற டி.ஏ.சி. சிப் உள்ளே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சிப் இல்லாத வெறும் வயர் பல போன்களில் வேலையே செய்யாது. வாங்கிவிட்டு, ஹெட்போன் கெட்டுப்போச்சு என்று என்னிடம் வருகிறார்கள்.

சூரமங்கலம் வாத்தியார்:

ரிட்டயர்ட் ஆள் நான். வயது ஏற ஏற மேல் ஒலிகள் காதுக்குக் குறையும், இது எல்லாருக்கும் உள்ளது. பையன்கள் ‘குத்துகிறது’ என்று ஒதுக்குகிற இயர்போன் எனக்கு இதமாக இருக்கிறது. அதனால் இளைஞர் எழுதும் விமர்சனத்தைப் படித்து அப்பாவுக்கு வாங்கிக் கொடுக்கிறவர்கள் யோசியுங்கள்.

நான் கேட்பது பெரும்பாலும் நம் சேலத்தில் இருந்த பழைய சினிமா ஸ்டுடியோ மாடர்ன் தியேட்டர்ஸ் காலத்துப் பாட்டு. அன்றைய ஒலிப்பதிவில் 8000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதுவும் கிடையாது, அங்கே இருப்பது இரைச்சல்தான். எல்லாம் மோனோ. இரண்டு காதுக்கும் ஒரே ஒலி போவதால் பாடகர் நடு மண்டையில் உட்கார்ந்து பாடுவது போலிருக்கும். இதற்குப் போய் விலை உயர்ந்த, துல்லியம் மிகுந்த ஹெட்போன் போட்டால் புழுங்கல் சோற்றில் கல் பொறுக்குகிற மாதிரி இரைச்சலைத்தான் பொறுக்கிக்கொண்டிருப்போம். நடுவில் குரல் நிறைவாக வருகிற சாதாரண ஹெட்போன் போதும். என் பேத்தி முன்பு பள்ளிக்கூட ஆன்லைன் வகுப்புக்கு வாங்கியதைத்தான் நான் போட்டுக்கொள்கிறேன்.

ஹஸ்தம்பட்டி காலேஜ்:

ப்ளூடூத்தைப் பற்றி யாரும் சரியாகச் சொல்லவில்லையே அண்ணா! லேப்டாப்பில் பாட்டு ஓடும்போது மீட்டிங் ஆப் எதாவது மைக்கைத் திறந்தால், பாட்டு உடனே பழைய லேண்ட்லைன் போன் குரலுக்கு இறங்கிவிடும். ஹெட்போன் கெட்டுப்போகவில்லை. மைக் வேலை செய்யும்போது ப்ளூடூத் பேச்சுக்கான மோடுக்கு மாறிவிடுகிறது, அது மோனோ, தரமும் குறைவு. மைக்கை லேப்டாப்புடையதாக மாற்றி வைத்தால் பாட்டு பழையபடி வரும்.

பாட்டைச் சுருக்கி ப்ளூடூத்தில் அனுப்புகிற முறைதான் கோடெக். அந்தச் சண்டை எல்லாம் 2000 ரூபாய் லெவலில் தேவையில்லை என்பது என் கருத்து. எஸ்.பி.சி., ஏ.ஏ.சி. என்ற இரண்டு கோடெக்கையும் மாற்றிப் போட்டுக் கேட்டால் ஹாஸ்டலில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஈக்வலைசரில் 200 ஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபல் இறக்கினால் எல்லாருக்கும் தெரிந்தது, குரல் முன்னால் வந்துவிட்டது. ஆண்ட்ராய்டில் வேவ்லெட் என்ற ஆப் இருக்கிறது. நிறைய மாடல்களுக்குத் திருத்தம் அதிலேயே தயாராக இருக்கும், உங்கள் மாடலைத் தேர்ந்தெடுத்தால் போதும். குகை அண்ணா, உங்கள் ஹெட்போனிலும் போட்டுப் பாருங்கள்.

குகை பையன்:

போட்டேன். பாடகர் திரும்பி வந்துட்டார். பறை கொஞ்சம் குறைஞ்சுது, அதை நான் திரும்ப ஏத்திட்டேன்.

அழகாபுரம் மிருதங்கம்:

ஏற்றும்போது 60 ஹெர்ட்ஸ் பக்கம் ஏற்றுங்கள் தம்பி, 200 பக்கம் போகாதீர்கள். இடியும் கிடைக்கும், பாடகரும் தப்பிப்பார்.

அம்மாப்பேட்டை தறி:

சர்வீஸ் அண்ணனுக்கு ஒரு கேள்வி. தறியில் வயர் மாட்டி மாட்டி ஜாக் பக்கம் அறுந்துபோகிறது. ஒவ்வொரு தடவையும் புது இயர்போன் வாங்க முடியலை. என்ன வழி?

பழைய பஸ் ஸ்டாண்ட் சர்வீஸ்:

வயரைக் கழற்றி மாற்றக்கூடிய மாடலாக வாங்குங்க. மூன்டிராப்பில் சூ 2-க்கு அந்த வசதி உண்டு, முதலில் வந்த சூவில் இல்லை. 0.78 மி.மீ. இரட்டைப் பின் என்று கேட்டால் வயர் தனியாகக் கிடைக்கும். ஜாக் நேராக நீட்டிக்கொண்டிருப்பதைவிட ‘எல்’ வடிவில் வளைந்திருப்பது பையில் போட்டாலும் தாங்கும். வயரைச் சட்டைக்கு உள்பக்கமாக விடுங்க, தறியில் மாட்டினால் அறுவது வயர் மட்டும் இல்லை. இப்போது கையில் இருப்பதைத் தூக்கிப் போடாதீங்க, ஜாக்கை வெட்டிப் புதுசு வைத்துத் தர முடியும். ஞாயிறு தவிர எந்த நாளும் கொண்டுவாங்க.