வகுப்பில் புத்தகம் பேசிய அனுபவம்: உங்களுக்கு எப்படி?

ஒன்பதாம் வகுப்பில் எங்கள் மொழி ஆசிரியை ஒரு நாள் பாடம் நடத்தாமல், ஐந்து ஐந்து பேராகப் பெஞ்சை வளைத்துப் போட்டு உட்காரச் சொன்னார். குழுவுக்கு ஒரு நாவல். வாரத்துக்கு 40 பக்கம் வீட்டில் படித்துவிட்டு, வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் அதைப் பற்றிப் பேச வேண்டும். ஆளுக்கொரு வேலை, அதற்கென்று ஒரு தாள். ஒருவர் கேள்வி கேட்பார், ஒருவர் கடினமான சொற்களைத் தேடி வருவார், ஒருவர் பிடித்த பத்தியைப் படித்துக் காட்டுவார், ஒருவர் படம் வரைவார், ஒருவர் கதைச் சுருக்கம் சொல்வார்.

எனக்குக் கேள்வி. ராத்திரி உட்கார்ந்து பத்துக் கேள்விகள் எழுதினேன். ‘அப்பா எந்த மாதம் வீட்டை விட்டுப் போனார்?’ ‘மகனுக்கு என்ன வயது?’ வினாத்தாள் பார்த்தே பழகிய கை, வேறு எப்படி எழுதும்? பத்துக்கும் ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. நாலு நிமிடத்தில் கடை கட்டியாயிற்று. அப்புறம் சொல் தேடியவன் அகராதி அர்த்தங்களை ஒப்பித்தான். மீதி நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாவது வாரமும் இதே கதைதான்.

மூன்றாவது வாரம் படம் வரையும் பெண் (வகுப்பிலேயே வாய் திறக்காதவள்) ஒரே ஒரு கதவை வரைந்து வந்தாள். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. பக்கத்தில் இருந்தவன், “தப்பு. அப்பா போகும்போது வெளியே பூட்டிவிட்டுத்தான் போனார்” என்றான். அவள் மெதுவாக, “இல்லை, மகன்தான் உள்ளே சாத்திக்கொண்டான்” என்றாள். அவ்வளவுதான், ஐந்து பேரும் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தோம். அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தோம். ‘கதவு மூடியது’ என்று மட்டும்தான் இருந்தது. யார் மூடியது என்றே இல்லை! வெளியே பூட்டு தொங்கியதைப் பார்த்ததாகச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன் நான். ஒருத்தன் காற்றில் மூடியது என்று நினைத்திருந்தான். அவன் அப்பாவின் மேல் கோபமே படாமல் மூன்று வாரமாகப் படித்துக்கொண்டு வந்திருக்கிறான். அவனுக்கு அது வேறு கதை.

அன்றுதான் முதல்முறையாக நேரம் போதவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

*

எனக்கு நடந்தது கொஞ்சம் அவமானமான கதை. எங்களுக்கும் அதே மாதிரி தாள்தான். அந்த வாரம் நான் புத்தகத்தைத் தொடவே இல்லை. என் வேலை எதுவென்று பார்த்தால், சுருக்கம் சொல்வது! பின் அட்டையில் இருந்ததை இரண்டு முறை படித்து மனப்பாடம் செய்துகொண்டு போனேன். கம்பீரமாக ஆரம்பித்தேன். “அக்கா இறந்த பிறகு தம்பி தனியாகப் பயணம் கிளம்புகிறான்...” என்றதும் எதிரே இருந்தவள் காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். மற்றவர்கள் 60 பக்கம்தான் படித்திருந்தார்கள். அதில் அக்கா நன்றாகத்தான் இருக்கிறாள், தம்பியோடு சண்டை போட்டுக்கொண்டு. படிக்காமல் வந்து குறைவாகச் சொல்லி மாட்டியவர்கள் உண்டு. அதிகம் சொல்லி மாட்டியவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

திட்டு விழவில்லை. அதற்குப் பதிலாக எல்லாரும் வேறொன்று செய்தார்கள். அக்கா சாகப்போகிறாள் என்று தெரிந்துவிட்டதே, அதற்கான குறிப்பு இந்த 60 பக்கத்தில் எங்காவது இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தார்கள். இருமல் ஒன்று கிடைத்தது. முடிக்காத கடிதம் ஒன்று கிடைத்தது. நான் மட்டும் எதையும் தேட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். படித்திருந்தால்தானே! பின் அட்டை எழுதுபவர்கள் மேல் அன்று வந்த கோபம் இன்னும் போகவில்லை.

*

நான் வாயாடி. எங்கள் வகுப்பில் ஆளுக்கு மூன்று பொத்தான் கொடுப்பார்கள். ஒவ்வொரு முறை பேசும்போதும் ஒன்றை நடுவில் வைக்க வேண்டும், தீர்ந்தால் மற்றவர்கள் முடிக்கும்வரை பேசக்கூடாது. முதல் இரண்டு நிமிடத்தில் மூன்றும் போய்விட்டது. மூன்றாவது பொத்தானை “நானும் அதைத்தான் நினைத்தேன்” என்று சொல்லிச் செலவழித்தேன். அந்த வலி பட்டவருக்குத்தான் தெரியும்.

*

நான் இந்தப் பக்கத்தில் இருப்பவள், ஆசிரியை. பத்து வருடத்துக்கும் மேலாக இப்படிக் குழு நடத்துகிறேன்.

நீங்கள் சொல்லும் அந்தத் தாள்கள் பரவியதற்கு முக்கியக் காரணம் ஹார்வி டேனியல்ஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1994-இல் எழுதிய நூல். ஆனால் அவரே பின்னாளில், அந்தத் தாள்கள் பேச்சை இயந்திரத்தனமாக்கிவிடுகின்றன, பழகும்வரை மட்டும் வைத்துக்கொண்டு அப்புறம் எடுத்துவிடுங்கள் என்று எச்சரித்தார். என் அனுபவமும் அதேதான். தாளை நிரப்பியாயிற்று என்றால் வேலை முடிந்தது என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். மூன்றாவது கூட்டத்திலேயே தாளை வாங்கிவிடுவேன். பதிலுக்கு, படிக்கும்போது நின்று யோசித்த இடத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி வந்தால் போதும்.

என் பெரிய தப்பு வேறு. குழு அமைதியானால் என்னால் தாங்க முடியாது. நானே கேட்டு நானே பதிலும் சொல்லிவிடுவேன். மேரி பட் ரோ என்பவர் வகுப்பறைப் பேச்சுகளைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று விநாடியாவது ஆக்கினால் பதில்கள் நீள்கின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள். 1970-களில் வெளியான ஆய்வு அது. படித்தபோது மூன்று விநாடி என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். வகுப்பில் நின்று எண்ணிப் பாருங்கள், மூன்று யுகம்! நான் மேசைக்கு அடியில் விரலை மடக்கி எண்ணுவேன்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். நான் வட்டத்துக்குள் உட்கார்ந்தால், யார் என்ன சொன்னாலும் என் முகத்தைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். நான் தலையாட்டினால் அது சரியான பதில், பேச்சு அங்கேயே முடிந்தது. இப்போது வட்டத்துக்கு வெளியே, குறிப்பேட்டில் குனிந்தபடி உட்கார்ந்துகொள்கிறேன். பாதி நேரம் அதில் கிறுக்கல்தான்.

முதலில் எழுதியவருக்கு ஒரு கேள்வி. அந்தக் கதவு வரைந்த பெண் அப்புறம் பேசினாளா?

*

பேசினாள் டீச்சர். (பழக்கத்தில் டீச்சர் என்று வந்துவிட்டது, பரவாயில்லை.) அடுத்த வாரமும் படமே வேண்டும் என்று கேட்டாள், எங்கள் ஆசிரியை விடவில்லை. கேள்வி கேட்கும் வேலை அவளுக்கு வந்தது. தாளில் பத்து வரி இருந்தது, அவள் ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தாள்: ‘அப்பா திரும்பி வந்தால் மகன் முதலில் என்ன சொல்வான்?’

நாலு பேரும் நாலு பதில் சொன்னோம். என்னுடையது, “ஒன்றும் சொல்லமாட்டான், தண்ணீர் கொண்டுவந்து வைப்பான்.” அவள் அதைக் காலியாக இருந்த இரண்டாவது வரியில் எழுதிக்கொண்டாள். என் பத்துக் கேள்விகளுக்கு மற்றவர்கள் சொன்ன எதையும் நான் எழுதிக்கொண்டதாக நினைவில்லை.