லண்டன் பழைய பப்போட களை எங்க போச்சு?

தேம்ஸ்கரையான்:
ஆபீஸ் பக்கத்துல ஒரு விக்டோரியா காலத்து பப், பேர் வேணாம், வெள்ளிக்கிழமை சாயங்காலம்னா கால் தானா அங்கதான் போகும். கவுன்ட்டர் ஓரத்துல ஒரு இடத்துல மட்டும் முழங்கை பட்டுப் பட்டே லேசா பள்ளம் விழுந்து வார்னிஷ் போயி மரம் வெளுத்துத் தெரியும், எத்தன தலைமுறை அங்க சாஞ்சு நின்னுச்சோன்னு தடவிக்கிட்டே நிப்பேன். 2007 ஜூலைல புகைக்குத் தடை வந்தப்புறமும் யாரும் வெள்ளையடிக்காததால சீலிங் கருப்பட்டி கலர்லயே இருந்துச்சு. போன மாசம் போனா கை மாறிடுச்சாம், கவுன்ட்டர இழைச்சு பாலிஷ் போட்டு சீலிங்க வெள்ளையாக்கி பளபளன்னு வச்சிருக்காங்க, பள்ளத்தக் காணோம். மனசு விட்டுப்போச்சு. ரிப்பேர் பண்ணாம விட்டா இடிஞ்சு விழுது, பண்ணா உயிர் போகுது, நடுவுல வழியே கிடையாதா?

செங்கல்மனசு:
முதல்ல அது லிஸ்டட் கட்டடமான்னு, அதாவது பழமைக்காக அரசாங்கம் காப்பாத்துற பட்டியல்ல இருக்கான்னு பாருங்க பாஸ். லிஸ்டட்னா வெளிச்சுவர் மட்டும் இல்ல உள்ளயும் சேத்துதான், தடுப்பு, கண்ணாடி, கவுன்ட்டர்னு எதுல கை வச்சாலும் அதோட தன்மை மாறும்னா கவுன்சில் அனுமதி வேணும், வாங்காம செஞ்சா கிரிமினல் குத்தம். லிஸ்ட்ல இல்லாட்டியும் ஊர் ஜனம் விடாம நின்னா நடக்கும். மைடா வேல் பக்கம் கார்ல்டன் டாவர்ன்னு ஒரு பப், ரெண்டாம் உலகப்போர் குண்டுவீச்சுலயே தப்பிச்சது, 2015ல அனுமதி இல்லாம இடிச்சுத் தள்ளிட்டாங்க. வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில், இருந்தது இருந்த மாதிரியே திருப்பிக் கட்டுன்னு உத்தரவு போட்டுச்சு, அக்கம்பக்கத்து ஜனங்க முன்கூட்டியே உஷாராகி அந்தக் கட்டடத்த லிஸ்ட் பண்ணச் சொல்லிக் கேட்டிருந்ததால பழைய விவரமெல்லாம் பதிவாகி இருந்துச்சு, அத வச்சே கட்டி 2021ல திறந்தாங்க. எனக்கு இத நெனச்சா இப்பவும் சிலிர்க்கும்.

ஹோல்பர்ன்வாசி:
ரிப்பேர்னாலே கெடுக்குறதுன்னு சொல்லாதீங்க ப்ளீஸ். ஹோல்பர்ன்ல பிரின்சஸ் லூயிஸ்ங்கிற பப்புக்குப் போயிருக்கீங்களா? எப்பவோ பிடுங்கிப்போட்ட மரத்தடுப்பு, பூவேலை கண்ணாடியெல்லாம் 2007-08ல திரும்பச் செஞ்சு வச்சாங்க, இப்ப கவுன்ட்டரச் சுத்திச் சின்னச் சின்ன அறையா பிரிஞ்சிருக்கு, உள்ள உக்காந்தா பக்கத்து அறைல பேசுறவங்களோட நிழல்தான் கண்ணாடில அசையும். புது மரம்தான், இருக்கட்டுமே, நாம போய் தேய்ச்சாத்தான பழசாகும்.

சாவகச்சேரியான்:
தம்பி, நான் 84ல வந்தனான், ஃபிளீட் ஸ்ட்ரீட்டில ஒரு பப் குசினியில கோப்பை கழுவினனான். அப்ப அந்தத் தெரு முழுக்க பத்திரிகைக் கந்தோர்தான், நிலவறையில அச்சு மெஷின் ஓடத் தொடங்கினா எங்கட தட்டில கவிழ்த்து வச்ச கிளாஸெல்லாம் ஒண்டோட ஒண்டு உரசிக் கிணுகிணுக்கும், அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு ராத்திரி. 86ல கிழக்கு லண்டன் வாப்பிங் பக்கம் போகத் துவங்கி ஒவ்வொண்டா எல்லாப் பேப்பரும் தெருவை விட்டுப் போயிட்டுது. பப் அப்பிடியே கிடக்கு, ஒரு ஆணி மாறேல்ல, ஆனா மை படிஞ்ச கையோட வந்து சண்டை பிடிச்சுக் கதைக்கிற சனம் இல்ல. பக்கத்தில செஷயர் சீஸ் எண்ட பப் இருக்குத்தானே, 1666 பெருந்தீக்குப் பிறகு கட்டினது, வாசல் பலகையில அதுக்குப் பிறகு ஆண்ட ராசா ராணி பேரெல்லாம் எழுதியிருக்கு, இப்ப சனம் அதைப் படம் எடுத்திட்டுப் போகுது. சீலிங்கில வெள்ளையடிச்சதுக்கு நான் கவலைப்படேல்ல தம்பி, உங்கட வெள்ளிக்கிழமை ஆக்கள் இன்னும் வருகினமோ?

தேம்ஸ்கரையான்:
ஐயா, வராங்க, ஆனா பாதிப் பேருதான். லிஸ்ட்ல இருக்கான்னு இன்னிக்கே பாத்துட்டு கவுன்சிலுக்கு எழுதப்போறேன், பழைய கவுன்ட்டர் போட்டோ நாலு எங்கிட்ட இருக்கு. அந்தக் கிளாஸ் சத்தம் எத்தன மணிக்கு வரும்?

சாவகச்சேரியான்:
பத்து தாண்டி. பப் பூட்ட முதல் கடைசி ஓடருக்கு ஒரு மணி அடிப்பினம், அதுக்குக் கொஞ்சம் முதல்.