தீர்ந்தது: ஃபாஸ்ட்ஏபிஐ டாக்ஸ் பக்கம் லோக்கல்ல வருது, சர்வர்ல போட்டா வரல

ஆத்தங்குடி பட்டறை:

வணக்கம். ரெண்டு நாளா இதோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன், தெரிஞ்சவங்க கொஞ்சம் பாருங்க.

எங்க பெரியப்பா மகன் ஆத்தங்குடில டைல்ஸ் பட்டறை வச்சிருக்காரு. டிசைன், ஸ்டாக், ஆர்டர் எல்லாத்துக்கும் ஒரு ஏபிஐ (ஆப்பும் சர்வரும் தகவல் பரிமாறிக்கிற வழி) எழுதிக் குடுத்திருக்கேன், பைதான்ல ஃபாஸ்ட்ஏபிஐங்கிற ஃப்ரேம்வொர்க்ல. மொபைல் ஆப்பை தேவகோட்டைல ஒரு தம்பி தனியா எழுதுறான். இது வரைக்கும் எந்த ஃபீல்டு என்னன்னு ஒரு எக்ஸெல் ஷீட்ல எழுதித்தான் அவனுக்கு அனுப்பிக்கிட்டு இருந்தேன். கோடு மாறும், ஷீட்டு மாறாது. போன மாசம் அதுல பெரிய அடி விழுந்துச்சு. கானாடுகாத்தான்ல ஒரு வீட்டுக்கு 400 சதுர அடி, 8 இஞ்ச் கல்லு. சதுர அடிக்கு ரெண்டேகால் கல்லு கணக்குல 900 கல்லு வேணும். ஷீட்ல வெறுமனே "குவான்டிட்டி"ன்னு இருந்ததால தம்பி 900-ன்னு அனுப்பிட்டான், என் கோடு அதைச் சதுர அடின்னு எடுத்துக்கிட்டு 2025 கல்லுக்கு பட்டறைக்கு சீட்டு போட்டுருச்சு. ஒவ்வொரு கல்லும் கண்ணாடி மேல அச்சை வச்சு, கட்டம் கட்டமா கரண்டியால கலரை ஊத்தி, மேல சிமெண்ட் மணலைத் தூவி கையால செய்யுறது. 1100 கல்லு தண்ணித் தொட்டில ஊறிக்கிட்டு இருக்கும்போதுதான் கணக்கு பாக்குற அக்கா கண்டுபிடிச்சு நிறுத்துனாங்க. இருநூறு கல்லு வீண், அந்த டிசைன் வேற யாரும் கேக்காத டிசைன்.

அதான் இனிமே ஷீட்டே வேணாம், கோடுல இருந்து தானா வர்ற டாக்ஸ் (ஏபிஐ விளக்கம்) பக்கத்தையே எல்லாருக்கும் குடுத்துருவோம்னு முடிவு பண்ணேன்.

என் லேப்டாப்புல 8000 போர்ட்ல /டாக்ஸ் போட்டா அழகா வருது. சர்வர்ல (உபுண்டு, முன்னாடி கோரிக்கையை வாங்கி உள்ள அனுப்புற இன்ஜினிக்ஸ், பின்னாடி ஃபாஸ்ட்ஏபிஐ கோடை ஓட்டுற யுவிகார்ன்) /ஏபிஐ/டாக்ஸ் போட்டா பக்கம் திறக்குது, ஆனா "ஃபெயில்டு டு லோட் ஏபிஐ டெஃபனிஷன்"னு மட்டும் வருது, கீழ "நாட் ஃபவுண்ட் /ஓபன்ஏபிஐ.ஜேசன்" (டாக்ஸ் பக்கம் படிக்கிற ஏபிஐ விவர ஃபைல்). டாக்ஸ் யுஆர்எல்லை கோடுலயே /ஏபிஐ/டாக்ஸ்னு மாத்திப் பாத்தேன், பக்கமே 404 (அப்புடி முகவரியே இல்ல) ஆயிருச்சு, பழையபடி வச்சிட்டேன். ஏபிஐ மத்தபடி நல்லாவே ஓடுது, ஆப் ஓடுது, இந்தப் பக்கம் மட்டும்தான் இப்புடி.

தேவகோட்டை ரஸ்தா:

ரெண்டு விஷயம் பாத்துச் சொல்லுங்க. பிரவுசர்ல எஃப்12 அமுக்கி நெட்வொர்க் டேப்ல அந்த ஜேசன் கோரிக்கை எந்த முகவரிக்குப் போகுது, /ஏபிஐ இருக்கா இல்லையா? அப்புறம் இன்ஜினிக்ஸ் லொகேஷன் பிளாக்ல ப்ராக்ஸி பாஸ் வரி (கோரிக்கையை உள்ள எங்க அனுப்பணும்னு சொல்றது) ஸ்லாஷோட முடியுதா, ஸ்லாஷ் இல்லாம முடியுதா? அந்த ஒரு ஸ்லாஷ்லதான் எல்லாமே இருக்கு.

ஆத்தங்குடி பட்டறை:

பாத்துட்டேன் அண்ணே. கோரிக்கை நேரா டொமைன்/ஓபன்ஏபிஐ.ஜேசன்னு போகுது, நடுவுல /ஏபிஐ இல்ல. லொகேஷன் /ஏபிஐ/, ப்ராக்ஸி பாஸ் 127.0.0.1:8000/ன்னு ஸ்லாஷோட முடியுது.

பள்ளத்தூர்க்காரி:

அப்ப காரணம் கிடைச்சாச்சு தம்பி. ப்ராக்ஸி பாஸ் ஸ்லாஷோட முடிஞ்சா, இன்ஜினிக்ஸ் /ஏபிஐ/ங்கிற முன்பாதியை வெட்டிட்டு மிச்சத்தை மட்டும்தான் உள்ள அனுப்பும். வெளிய /ஏபிஐ/டாக்ஸ்னு கேட்டது ஃபாஸ்ட்ஏபிஐக்கு வெறும் /டாக்ஸ்னுதான் தெரியும். தனக்கு முன்னாடி ஒரு /ஏபிஐ இருந்துச்சுன்னே அதுக்குத் தெரியாது. அதனால பக்கத்தை அனுப்பும்போது "ஜேசனை /ஓபன்ஏபிஐ.ஜேசன்ல போய் வாங்கிக்க"ன்னு உள்ளுக்குள்ள எழுதி அனுப்புது, பிரவுசரும் அங்க போய் வெறுங்கையோட திரும்பி வருது. நீங்க டாக்ஸ் யுஆர்எல்லை மாத்துனப்ப 404 வந்ததும் இதே காரணம்தான், உள்ள வந்து சேருறது வெட்டுன முகவரி, நீங்க வச்சதோ வெட்டாத முகவரி.

செய்ய வேண்டியது ஒண்ணுதான், வெட்டுப்பட்ட பகுதி என்னன்னு அப்ளிகேஷனுக்குச் சொல்லணும். அதுக்குப் பேரு ரூட் பாத். கோடுல ஃபாஸ்ட்ஏபிஐ(ரூட்_பாத்="/ஏபிஐ")ன்னும் குடுக்கலாம், யுவிகார்ன் கட்டளைல --ரூட்-பாத் /ஏபிஐன்னும் குடுக்கலாம் (போடும்போது ஆங்கில எழுத்துல போட்டுக்கங்க). நான் ரெண்டாவதைத்தான் சொல்லுவேன். /ஏபிஐங்கிறது சர்வர் சமாச்சாரம், லேப்டாப்புல இன்ஜினிக்ஸே கிடையாது, கோடுக்குள்ள அது எதுக்கு. சர்வர்ல சிஸ்டம்டி சர்வீஸ் ஃபைல்ல, யுவிகார்னைத் தொடங்குற எக்ஸெக்ஸ்டார்ட் வரில சேத்துருங்க. இதுல இன்னொரு நல்லது, ரூட் பாத் குடுத்துட்டா ஓபன்ஏபிஐ ஜேசன்ல சர்வர்ஸ்ங்கிற இடத்துல /ஏபிஐன்னு அதுவே எழுதிக்கும், அதனால ஏபிஐயை அந்தப் பக்கத்துலயே ஓட்டிப் பாக்குற "ட்ரை இட் அவுட்" பட்டனும் சரியான முகவரிக்குப் போகும்.

ப்ராக்ஸி பாஸ் ஸ்லாஷை இப்ப எடுத்துராதீங்க. புது யுவிகார்ன்ல --ரூட்-பாத் குடுத்தா வர்ற முகவரிக்கு முன்னாடி அதுவே /ஏபிஐ சேத்துக்கும், இன்ஜினிக்ஸும் வெட்டாம அனுப்புனா /ஏபிஐ/ஏபிஐன்னு ரெட்டையாகி எல்லாமே 404 ஆயிரும்.

ஆத்தங்குடி பட்டறை:

அக்கா சொன்ன மாதிரியே சர்வீஸ் ஃபைல்ல சேத்து ரீஸ்டார்ட்டும் பண்ணிட்டேன், அதே எரர்தான் வருது.

தேவகோட்டை ரஸ்தா:

டீமன்-ரீலோட் போட்டீங்களா? சர்வீஸ் ஃபைலைத் திருத்துனா சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட் போட்டுட்டுத்தான் ரீஸ்டார்ட் பண்ணணும், இல்லேன்னா பழைய வரியோடவே ஓடும். டெர்மினல்ல ஒரு எச்சரிக்கை வந்திருக்குமே, ஃபைல் மாறிருச்சுன்னு.

ஆத்தங்குடி பட்டறை:

வந்துச்சு அண்ணே, கவனிக்காம விட்டுட்டேன். ரீலோட் போட்டதும் ஜேசன் 200 (சரி) வந்துருச்சு, பக்கம் முழுசா வந்துருச்சு! ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.

ஆனா இன்னொண்ணு. இங்க காரைக்குடில என் வீட்ல நல்லா வருது, அதே லிங்கை பட்டறைல கணக்கு அக்கா கம்ப்யூட்டர்ல திறந்தா வெள்ளைப் பக்கம். எரர் கூட இல்ல, வெறும் வெள்ளை. அங்க நெட்டு ஃபோன் ஹாட்ஸ்பாட்தான், சிக்னலும் சுமார்தான்.

பள்ளத்தூர்க்காரி:

அது ஸ்வாகர் யுஐ (டாக்ஸ் பக்கத்தைக் காட்டுற டூல்) ஃபைல் வந்து சேராததால. ஃபாஸ்ட்ஏபிஐ குடுக்குற டாக்ஸ் பக்கம் ஒரு சின்ன ஹெச்டிஎம்எல்தான், உண்மையான வேலையைச் செய்யுற ஜாவாஸ்கிரிப்டும் சிஎஸ்எஸ்ஸும் ஜேஎஸ்டெலிவர்ங்கிற வெளி சர்வர்ல (சிடிஎன்) இருந்து வருது. அந்த ஸ்கிரிப்ட் ஒரு எம்பிக்கு மேல. அது பாதில நின்னா வெள்ளைப் பக்கம்தான்.

ரெண்டு ஃபைலையும் இறக்கி உங்க சர்வர்லயே ஒரு ஸ்டாடிக் ஃபோல்டர்ல வச்சிருங்க, அதை இன்ஜினிக்ஸே ஜிஸிப் பண்ணி (சுருக்கி) நேரா குடுக்கட்டும், பாதிக்கு மேல எடை குறைஞ்சுரும், ஒருதடவை வந்துட்டா பிரவுசரும் கேஷ்ல வச்சுக்கும். அப்புறம் டாக்ஸ்_யுஆர்எல்=நன் குடுத்து உள்ள இருக்குற பக்கத்தை அணைச்சிட்டு, அதே /டாக்ஸ்ல நீங்களே ஒரு ரூட் எழுதி கெட்_ஸ்வாகர்_யுஐ_ஹெச்டிஎம்எல் ஃபங்ஷனைக் கூப்புடுங்க, ஸ்வாகர்_ஜேஎஸ்_யுஆர்எல், ஸ்வாகர்_சிஎஸ்எஸ்_யுஆர்எல் ரெண்டுக்கும் உங்க ஃபைல் முகவரி. அந்த ரூட்டுக்கு இன்க்ளூட்_இன்_ஸ்கீமா=ஃபால்ஸ் போட மறந்துராதீங்க, இல்லேன்னா டாக்ஸ் பக்கமே டாக்ஸ்ல ஒரு ஏபிஐயா வந்து நிக்கும்.

இங்க ஒரு இடத்துல நான் அரை நாள் தொலைச்சிருக்கேன். நாமளே ரூட் எழுதும்போது ஜேசன் முகவரிக்கு முன்னாடி ரூட் பாத்தை நாமளேதான் ஒட்டணும். ரிக்வெஸ்ட் ஸ்கோப்ல ரூட்_பாத் இருக்கும், அதை எடுத்து ஓபன்ஏபிஐ யுஆர்எல்லுக்கு முன்னாடி சேருங்க. வெறும் ஆப்.ஓபன்ஏபிஐ_யுஆர்எல் குடுத்தா நீங்க முதல்ல கேட்ட அதே எரர் திரும்ப வந்துரும்.

ஆத்தங்குடி பட்டறை:

செஞ்சிட்டேன் அக்கா, பட்டறைல திறந்துருச்சு. முதல் தடவை கொஞ்ச நேரம் ஆச்சு, அடுத்த தடவை உடனே வந்துருச்சு.

இப்ப உள்ள இருக்குறதைப் பாத்தா மனசு நிறையல. ஆர்டர் ஏபிஐக்கு பதில் என்ன வரும்னு வெறும் "ஸ்ட்ரிங்"னு காட்டுது, உண்மைல பத்து ஃபீல்டு வருது. டோக்கன் (ஏபிஐக்கான சாவி) போடுறதுக்கு ஆத்தரைஸ் பட்டனே இல்ல. டோக்கனை நான் ரிக்வெஸ்ட் ஹெடர்ல இருந்து எடுத்து செக் பண்றேன், அது வேலை செய்யுது.

செக்காலை:

தம்பி, இந்தப் பக்கம் உங்க கோடுல டைப்பா எழுதியிருக்குறதை மட்டும்தான் படிக்கும். உங்க பட்டறை வேலை மாதிரியேதான், கண்ணாடில என்ன ஊத்துனோமோ அதுதான் கல்லைப் பெயர்த்ததும் முகத்துல வரும். ஃபங்ஷன் டிக்ஷனரியைத் திருப்புனா அது என்ன வடிவம்னு ஃபாஸ்ட்ஏபிஐக்கு எப்புடித் தெரியும்? பதிலுக்கு ஒரு பைடான்டிக் மாடல் (எந்த ஃபீல்டு, என்ன டைப்னு சொல்ற கிளாஸ்) எழுதி ரெஸ்பான்ஸ்_மாடல்ல குடுங்க, இல்ல ஃபங்ஷனோட ரிட்டர்ன் டைப்பா எழுதுங்க, ஃபீல்டு பூரா வந்துரும். மாடல்ல இல்லாதது பதில்லயும் போகாது, அதையும் ஞாபகம் வச்சுக்கங்க, பழைய ஆப்புக்கு ஏதாச்சும் ஃபீல்டு காணாமப் போயிரும்.

டோக்கனும் அப்புடித்தான். ஹெடரைக் கையால படிச்சா டாக்ஸுக்குத் தெரியாது. ஃபாஸ்ட்ஏபிஐலயே இருக்குற ஹெச்டிடிபிபேரரை (டோக்கனைப் படிக்கிற கிளாஸ்) டிபெண்ட்ஸ் வழியா குடுங்க, பட்டனும் வந்துரும், பூட்டுப் போட்ட ஏபிஐ எதுன்னு பூட்டுப் படமும் வந்துரும்.

இனி நீங்க சொன்ன அந்த 2025 கல்லு விஷயம், எனக்கு அதுதான் உறுத்திக்கிட்டே இருக்கு. குவான்டிட்டிங்கிற பேரை எடுத்துருங்க, சதுர அடின்னா குவான்டிட்டி_எஸ்க்யூஎஃப்டின்னே வைங்க. ஃபீல்டுல டிஸ்கிரிப்ஷன் எழுதுங்க, தமிழ்லயே எழுதுங்க, ஜேசன் யுடிஎஃப்-8தான், அப்புடியே வரும். எக்ஸாம்பிள்ஸ்ல 400-ன்னு போட்டு, 8 இஞ்ச்ல அது 900 கல்லுன்னு டிஸ்கிரிப்ஷன்லயே விளக்கிருங்க. கல்லு சைஸை வெறும் நம்பரா விடாதீங்க, 8, 10, 12-ன்னு ஈனம் (enum, இது மட்டும்தான் வரலாம்ங்கிற பட்டியல்) வைங்க. குவெரி பாராமீட்டர்னா டாக்ஸ்ல டிராப்டவுனாவே வரும், பாடினா ஸ்கீமால மூணையும் வரிசையா காட்டும். 9 அனுப்புனா 422 (தகவல் தப்பு) திருப்பிரும், உங்க கோடு வரைக்கும் வரவே வராது. டாக்ஸ்ல எழுதுற வரியே காவலும் காக்குது, எக்ஸெல் ஷீட்டால அது ஒரு நாளும் முடியாது.

ஃபங்ஷனுக்குக் கீழ எழுதுற டாக்ஸ்ட்ரிங் அப்புடியே விளக்கமா வரும். டேக்ஸ்ல "ஸ்டாக்", "ஆர்டர்", "டிசைன்"னு பிரிச்சிருங்க, இல்லேன்னா எல்லாம் டீஃபால்ட்னு ஒரே குவியலா கெடக்கும்.

தேவகோட்டை ஆப் தம்பி:

அண்ணே, அந்த 900 அனுப்புனவன் நான்தான். இப்ப உங்க ஜேசனை வச்சு ஆப்புக்கு வேண்டிய டார்ட் மொழி கிளாஸ் எல்லாம் தானா உருவாக்கலாம்னு பாத்தேன், என் ஜெனரேட்டர் ரிமார்க்ஸ் ஃபீல்டுல நின்னுருச்சு, எனிஆஃப்னு ஏதோ சொல்லுது. அதோட அந்த ஃபீல்டு கட்டாயம்னும் காட்டுது, அது கட்டாயம் இல்லைல்ல? ஸ்வாகர்ங்கிறாங்க ஓபன்ஏபிஐங்கிறாங்க, ரெண்டும் ஒண்ணா?

செக்காலை:

கடைசில கேட்டதுக்கு முதல்ல பதில். 2011-ல ஸ்வாகர்னுதான் ஆரம்பிச்சுச்சு. 2015-ல அந்த ஸ்பெக்கை (ஏபிஐ விவரத்தை எப்புடி எழுதணும்ங்கிற விதிமுறை) லினக்ஸ் ஃபவுண்டேஷன்கிட்ட ஒப்படைச்சாங்க, 2016-ல இருந்து ஸ்பெக்குக்குப் பேரு ஓபன்ஏபிஐ. ஸ்வாகர்ங்கிறது இப்ப டூல் பேரு, நீங்க பாக்குற பக்கம் ஸ்வாகர் யுஐ, அது படிக்கிற ஜேசன் ஓபன்ஏபிஐ.

ஜெனரேட்டர் நிக்கிறது வெர்ஷனால. 2023-ல வந்த 0.99-ல இருந்து ஃபாஸ்ட்ஏபிஐ ஓபன்ஏபிஐ 3.1-ல எழுதுது. அதுல காலியா இருக்கலாம்ங்கிற ஃபீல்டை "ஸ்ட்ரிங் அல்லது நல்"னு எனிஆஃப்ல போடும், 3.0 மட்டும் தெரிஞ்ச ஜெனரேட்டருக்கு அது புரியாது. ஜெனரேட்டரைப் புதுசாக்குங்க. கட்டாயம்னு காட்டுறது ஏபிஐ பக்கத் தப்பு, பைடான்டிக் 2-ல ஆப்ஷனல்னு மட்டும் எழுதுனா போதாது, = நன்னு டீஃபால்ட்டும் குடுக்கணும்.

பள்ளத்தூர்க்காரி:

ஒண்ணு விட்டுப்போச்சு. அந்த டாக்ஸ் பக்கத்தை உலகத்துக்கே தொறந்து வைக்காதீங்க. இன்ஜினிக்ஸ்ல டாக்ஸுக்கும் ஓபன்ஏபிஐ.ஜேசனுக்கும் மட்டும் பேஸிக் ஆத் (பேரும் பாஸ்வேர்டும் கேக்குற பூட்டு) போடுங்க, ரெண்டுக்குமே போடணும், ஜேசனை விட்டுட்டா பூட்டுனதுக்கு அர்த்தமில்ல. மத்த ஏபிஐக்குப் போடாதீங்க, அதுவும் ஆத்தரைசேஷன் ஹெடர், டோக்கனும் அதே ஹெடர், ரெண்டும் மோதிக்கும்.

ஆத்தங்குடி பட்டறை:

எல்லாம் முடிஞ்சுது. மாடல் எழுதியாச்சு, ஈனம் போட்டாச்சு, பேரை மாத்தியாச்சு, தம்பியும் ஜெனரேட்டரை மாத்தி கிளாஸ் எடுத்துட்டான், பேஸிக் ஆத்தும் போட்டாச்சு. தலைப்புல தீர்ந்ததுன்னு சேத்துட்டேன்.

இன்னிக்கு சாயங்காலம் பட்டறைக்குப் போயி கணக்கு அக்கா கம்ப்யூட்டர்லயே திறந்து காட்டுனேன். அவங்க கோடு எதுவும் படிச்சவங்க இல்ல, ஆர்டர் பகுதில தமிழ்ல எழுதியிருந்ததை ஒவ்வொரு வரியா விரல் வச்சுப் படிச்சாங்க, "சதுர அடியில் கொடுக்கவும், கல் எண்ணிக்கை அல்ல"ங்கிற இடத்துல நிறுத்தி, "உடைசலுக்குச் சேத்த சதுர அடியா, சேக்காத சதுர அடியா தம்பி?"ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியல. அங்கயே கோடைத் திறந்து பாத்தேன், சேக்கல. அதையும் அந்த டிஸ்கிரிப்ஷன்லயே ஒரு வரியா எழுதிட்டு, அக்காவைப் படிக்கச் சொல்லிட்டுத்தான் கிளம்புனேன்.