வீட்டிலிருந்தே வாடிக்கையாளர் சேவைப் பணி: தேடியதும் கிடைத்ததும்

பி.காம். முடித்துவிட்டுத் தென்காசியில் இருந்த நான், முன் அனுபவம் கேட்காத வாடிக்கையாளர் சேவைப் பணி ஒன்றை வீட்டிலிருந்தே செய்யலாம் என்று நான்கு மாதங்கள் தேடினேன். முதல் அழைப்பு வாட்ஸ்அப்பில் வந்தது. நேர்காணலே இல்லாமல் நான் தேர்வாகிவிட்டதாகக் கூறிய அந்த நபர், மடிக்கணினி அனுப்புவதற்கு முன்பணம் என்று 2,500 ரூபாய் கேட்டார். அப்பாவிடம் வாங்கி அனுப்பினேன். மறுநாள் முதல் அந்த எண் இயங்கவில்லை. பணம் போனவுடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்திருந்தால் அதை முடக்கி வைக்க வாய்ப்பிருந்தது என்பது எனக்குத் தெரியவந்தபோது பத்து நாள்கள் கடந்திருந்தன.

அதன்பின் விண்ணப்பித்த நிறுவனம் ஒரு ரூபாயும் கேட்கவில்லை, ஆனால் என்னைச் சல்லடையில் போட்டுச் சலித்தது. வெர்சன்ட் என்னும் ஆங்கிலப் பேச்சுத் தேர்வில், காதில் விழும் வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும்; ஒரு சிறு கதையைக் கேட்டு நம் சொற்களில் கூறவும் வேண்டும். பள்ளியில் ஆங்கிலத்தை எழுதிப் பழகினோமே தவிர கேட்டுப் பழகாததால், அதில் தோற்றேன். வேறொரு நிறுவனத்தின் தமிழ்ப் பிரிவுக்கு விண்ணப்பித்தபோது மாதிரி அழைப்பு ஒன்றை நடத்தினார்கள். பொருள் வந்து சேராத கோபத்தில் பேசும் வாடிக்கையாளராகத் தேர்வாளர் நடித்தார். நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு உடனே ஆர்டர் எண்ணைக் கேட்டேன். "வாடிக்கையாளர் இன்னும் பேசி முடிக்கவில்லையே" என்றார் தேர்வாளர். இரண்டாம் முறை முழுவதும் கேட்டுவிட்டுப் பேசினேன்; தேர்வானேன். இணைய வேகத்தையும் இன்வெர்ட்டரையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். ஆடி மாதத்து அம்மன் கோயில் ஒலிபெருக்கியைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது பின்கட்டு அறையில், சன்னலுக்குப் போர்வை கட்டிப் பேசுகிறேன்.

*

சகோதரி, உங்கள் அனுபவத்தைப் படித்தேன். நான் பிரிட்டன் வாடிக்கையாளர்களுக்கு எழுத்து வழியாகப் பதிலளிக்கும் பிரிவில் இருக்கிறேன். பேச வேண்டியதில்லை என்பதால் எளிது என்று நினைத்துச் சேர்ந்தேன். ஒரே நேரத்தில் மூன்று பேருக்குத் தட்டச்சு செய்யும்போது, ஒருவருக்கான பதில் இன்னொருவருக்குப் போய்விடாமல் காப்பதே பெரும் பாடு. நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். பிற்பகல் 1.30க்குத் தொடங்கும் என் பணி, அங்கே அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பதால் 2.30க்கு மாறுகிறது. இதைச் சேரும்போது யாரும் சொல்லவில்லை. மாறிய முதல் நாள், இரவு 11.30க்கு வேலை முடித்து எழுந்தபோது, அம்மா மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் படுத்திருந்தார்.